கோயில் காடி

எங்கள் தோட்டத்துக் கோயில் காரைக் கண்டு பயப்படாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி நான். இன்னொன்று, நான் அதைக் கழுவும்போதெல்லாம் கூட வந்து நனையும் கோயில் நாய். காரை எங்கள் பேச்சில் காடி என்போம்; மற்றவர்கள் அதற்கு எமன் காடி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஆறாம் கட்டைத் தோட்டம் என்றால் கோலா சிலாங்கூர் பக்கம் ஈஜோக்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா போகும் வழியில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குள் மறைந்து கிடக்கும் இரண்டு வரிசை வீடுகள். பழைய லயத்தை இடித்துக் கல்வீடாக்கிப் பல வருஷமாகியும் நாங்கள் அதை லயம் என்றுதான் சொல்கிறோம். வீட்டுக்கு வீடு கார் உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு. ஆனால் விடிவதற்குள் அத்தனையும் ரவாங்குக்கும் செரண்டாவுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் பறந்துவிடும். அப்புறம் பகல் முழுவதும் தோட்டத்தில் மிஞ்சுவது பெண்களும் வயதானவர்களும் கோழிகளும்தான்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு பட்டப்பகலில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டி இல்லை. ஆம்புலன்ஸ் வரும், ஆனால் தூரம் தூரம்தானே. அவர் எப்படியோ பிழைத்தார். அந்தப் பயத்தில் காளியம்மன் கோயில் கமிட்டி பழைய வெள்ளை சாகா கார் ஒன்றை வாங்கித் தேர்க் கொட்டகையில் தேருக்குப் பக்கத்தில் நிறுத்தியது. பதினெட்டு வருஷம் பள்ளி வேன் ஓட்டியவள் என்பதால் சாவி என் கைக்கு வந்தது.

கமிட்டித் தலைவர் திருச்செல்வம் அண்ணன் ஒரு சட்டம் போட்டார். உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும்தான் காரை எடுக்கலாம். பாசாருக்குக் கூடாது, பள்ளிக்கூடத்துக்குக் கூடாது, கல்யாணத்துக்குக் கூடவே கூடாது. கேட்க நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டத்தால்தான் எல்லா வினையும் வந்தது.

உயிர் போகிற நேரத்தில் மட்டும் எடுத்தால் உயிர் போகத்தானே செய்யும்? நாலு வருஷத்தில் மூன்று முறை அந்தக் கார் வெளியே போனது. மூன்று பேரையும் நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன், மூன்று பேருமே திரும்பி வரவில்லை. முதலாமவர் தொண்ணூறைத் தாண்டியவர், தோட்டத்து ஆட்களை மேய்த்த பழைய மண்டோர். இரண்டாமவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. மூன்றாவது காளியம்மா அக்கா, புற்றுநோய். யார் காரில் போயிருந்தாலும் அவர்கள் போயிருப்பார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் நம் சனங்களுக்கு ஏறாது. பழி முழுவதும் கார்மேல் விழுந்தது.

காளியம்மா அக்கா போனபிறகு தலைவரின் மனைவி கங்கா ஒரு பரிகாரம் கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை தோறும் காருக்குப் பூசை. எலுமிச்சம்பழம், சாம்பிராணி, பிறகு பானெட் மேல் ஒரு வாழை இலை விரித்து நெய்யும் முந்திரியும் போட்ட பொங்கல். காருக்குள் என்ன உட்கார்ந்திருக்கிறதோ அது பசியாறி அமைதியாக இருக்கட்டும் என்பது ஏற்பாடு. மறுநாள் காலை பார்த்தால் இலை துடைத்து வைத்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்துப் பயம் குறைந்ததா என்றால் அதுதான் இல்லை. சாப்பிடுகிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று பயம் இரட்டிப்பாகிவிட்டது.

யாரும் ஏறவில்லை என்றால் எனக்கென்ன என்று நானும் இருந்திருப்பேன். துளசிக்காகத்தான் இருக்க முடியவில்லை.

துளசி கங்காவின் மருமகள், செரண்டாப் பெண். என் வீட்டுக்கு அடுத்த வீடு. கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் தங்கியிருந்தது. ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறியது. தலை விடாமல் வலித்தாலோ கண்ணில் பூச்சி பறந்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் புருஷன் பவனேஷ் ரவாங்கில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். உள்ளே போகும்போதே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பகலில் ஏதாவது ஒன்று என்றால் தோட்டத்தில் இருப்பது இந்த ஒரு கார்தான்.

ஆனால் கங்கா சொல்லிவிட்டாள், என்ன ஆனாலும் சரி, அந்தக் காடியில் என் மருமகள் காலை வைக்க விடமாட்டேன் என்று. மாமியார் அப்படித்தான் சொல்வாள் என்று நான் துளசியிடம் பேசிப் பார்த்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு ஆண்டி," என்றாள். "படிச்சிட்டு இப்படிப் பயப்படுறது வெக்கமா இருக்கு. ஆனா ராத்திரி படுத்தா அந்தக் காடிதான் கண்ணு முன்னாடி வருது."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. ஒரு இரும்புச் சாமானை எமனாக்கி, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் தூக்கத்தைக் கெடுத்து வைத்திருக்கிற எங்கள் எல்லோர்மேலும் வந்தது.

அந்தக் கோபத்தோடு நேரே கொட்டகைக்குப் போய் காரை முடுக்கினேன். கிடுக் என்றது. அவ்வளவுதான். இத்தனைக்கும் நான் ஒரு நாள் தவறாமல் காலையில் ஐந்து நிமிஷம் முடுக்கி நிறுத்துகிறவள். குழந்தைக்குப் பால் கொடுப்பது போல அதை ஒரு கடமையாகச் செய்து வந்தேன்.

பெஸ்தாரி ஜெயாவில் பட்டறை வைத்திருக்கும் கோகிலனைக் கூப்பிட்டேன். கார் பழுது பார்க்கும் பொமன் வேலையில் கைகாரன், வாயும் கொஞ்சம் நீளம். பானெட்டைத் திறந்தவன் ஓர் அடி பின்னால் குதித்தான். உள்ளே ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. வாழை இலைக் கிழிசலாலும் பஞ்சாலும் கட்டிய கூடு, சுற்றிலும் முந்திரிப் பருப்பு, காய்ந்த பொங்கல், நடுவில் கொழுகொழுவென்று நாலு எலிகள். செம்பனைத் தோட்டத்து எலிக்குச் சொல்லவா வேண்டும், பழத்தையே தின்று அலுத்துப்போன கூட்டம். பொங்கல் தீர்ந்த நாட்களில் வயர்களைக் கடித்துப் பொழுதுபோக்கியிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. ஆறு மாதமாக நாங்கள் பயபக்தியோடு நெய் ஊற்றிப் படையல் வைத்தது இதுகளுக்குத்தான்.

கோகிலன் வயரை மாற்றினான், பேட்டரியை மாற்றினான், பழைய பெட்ரோலை இறக்கினான், ஒரே இடத்தில் நின்று தட்டையாகிப்போன டயர்களைத் தட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினான். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நீங்க தெனம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றீங்கள்ல, அதுலயே பேட்டரி பாதி செத்துருச்சு. முடுக்குறதுக்கு எடுக்குற கரண்ட்டக்கூட அந்த அஞ்சு நிமிஷம் திருப்பிக் குடுக்காது. இது ஓடுற சாமான்லா. வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ரோட்டுல விடுங்க. இல்லேன்னா அவசரத்துக்கு எடுக்கிற அன்னிக்குத்தான் இது படுத்துக்கும்."

எலி விஷயம் அன்று சாயங்காலமே இரண்டு லயத்திலும் பரவியது. எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் காரில் ஏறுவதற்கு மட்டும் ஒருவரும் தயாராக இல்லை. எலி பிள்ளையாருக்கு வாகனமாச்சே, அதுவே அந்தக் காடியைக் காவல் காத்திருக்கிறது என்றால் விஷயம் இல்லாமலா என்று கங்கா கேட்டாளாம். இப்படிப்பட்டவளோடுதான் நான் முப்பது வருஷமாகப் பக்கத்து வீட்டில் குடித்தனம் நடத்துகிறேன்.

வாரம் ஒரு முறை காரை ஓட்ட அனுமதி கேட்டுத் தலைவரிடம் போனேன். சட்டம் சட்டம்தான் என்றார். அதோடு, ஆடித் திருவிழா முடிந்ததும் கூட்டம் போட்டுக் காரை விற்றுவிடப் போவதாகவும் சொன்னார். சனங்களுக்குப் பிடிக்காத பொருளைக் கோயில் வாசலில் ஏன் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. துளசிக்கு ஒன்று என்றால் பவனேஷ் வந்துவிடுவானாம். வலி ஷிஃப்ட் பார்த்து வருமா அண்ணே என்று கேட்டேன். அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

சரி, கேட்டுப் பார்த்தாயிற்று, இனிமேல் கேட்காமல் செய்யலாம் என்று முடிவு செய்தேன். கார் வாராவாரம் வெளியே போக வேண்டும், போனவர்கள் சொந்தக் காலில் இறங்கித் திரும்பி வர வேண்டும். அதைத் தோட்டம் கண்ணால் பார்க்க வேண்டும். பேட்டரிக்கும் அதுதான் மருந்து, எங்கள் சனங்களின் பயத்துக்கும் அதுதான் மருந்து.

முதல் ஆளைப் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் நாராயணசாமி சித்தப்பா சரி என்றார். எண்பது வயது. செத்தால் இந்த வயதில் சாகாமல் எப்போது சாவது, ஆனால் அதற்கு முன் சுங்கை பெசாரில் இறங்கிய மீனாக ஒரு நல்ல செனாங்கின் வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டாக வேண்டும் என்றார். அவர் காரில் ஏறியபோது அவர் மகள் வாசலில் நின்று அழுதாள். தஞ்சோங் காராங் தாண்டி வயல்வெளி தொடங்கியதும் சித்தப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றில் பழைய பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தார். எனக்கும் நாலு வருஷம் கழித்து அந்தக் காரை அழுகைச் சத்தம் இல்லாமல் ஓட்டுவது என்னவோ போல இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது கொட்டகை வாசலில் ஒரு சிறு கூட்டமே நின்றது. சித்தப்பா இறங்குகிறாரா, இறக்கப்படுகிறாரா என்று பார்க்கத்தான். அவர் மீன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார், வயிறு கிழிக்காமல் கொடுத்துவிட்டான் என்று மீன்காரனைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த வாரம் சித்தப்பாவும் அவர் மகளும் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பள்ளி விடுமுறையில் நாலு பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கோலா சிலாங்கூர் மலைக்குப் போனேன். குரங்குகள் பிள்ளைகளின் கச்சான் கடலையைப் பிடுங்கித் தின்றன, பிள்ளைகள் திரும்பும்வரை சிரித்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஆள் பிடிக்கும் வேலை இருக்கவில்லை. எமன் காடி என்ற பெயர் போய், போகிறவர்கள் வருகிறவர்கள் வாயில் கோயில் காடி என்று மாறத் தொடங்கியது.

கங்கா மட்டும் அசையவில்லை. ஒவ்வொரு வாரமும் கார் திரும்பும்போது வாசலில் நின்று பார்ப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவாள். தலைவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சட்டத்தை மீறியதற்காக வருகிற ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் என்றும், அன்றைக்கே சாவியை வாங்கிவிடப் போவதாகவும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

அந்த ஞாயிறுக்கு முந்திய வியாழக்கிழமை, பத்து மணிபோல நான் காருக்குக் காற்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன். துளசி தனியாக நடந்து கொட்டகைக்கு வந்தாள். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. கோலா சிலாங்கூரில் ரோஜாக் சாப்பிட வேண்டும்போல இருக்கிறது, கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டாள்.

நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். பயம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"போகல ஆண்டி," என்றாள். "பயத்தோடதான் ஏறப் போறேன். கதவத் தொறங்க."

அவள் பின்சீட்டில் உட்கார்ந்து நான் காரை முடுக்கும் நேரத்தில் கங்கா ஓடி வந்தாள். சமையல்கட்டிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், கையில் மஞ்சள்தூள் ஒட்டியிருந்தது. மருமகளை இறங்கு என்றாள். துளசி தலையை ஆட்டினாள். வாயில்லாப் பூச்சி மாதிரி இருக்கும் பெண் அன்றைக்கு மாமியாரை நேருக்கு நேர் பார்த்து, இறங்கமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கங்கா காரைச் சுற்றி வந்தாள். பிறகு முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் தொம்மென்று உட்கார்ந்தாள்.

"முன்னாடி நான் இருக்கேன்," என்றாள். "எதாச்சும் எடுக்கணும்னா என்னை மொதல்ல எடுத்துக்கட்டும். ஓட்டு."

முப்பது வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நாங்கள் போடாத சண்டை இல்லை. அன்றைக்கு எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிடிக்கவில்லை, கியரைப் போட்டேன்.

செம்பனைச் சாலை முடிந்து பெரிய ரோட்டில் ஏறியபிறகுதான் துளசி வாயைத் திறந்தாள். ரோஜாக் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். விடிகாலையிலிருந்தே தலை பிளக்கிறதாம். ஒன்பது மணியிலிருந்து கண்ணில் மின்னல் மின்னலாகத் தெரிகிறதாம்.

"வீட்டுல சொன்னா அவரு வர்ற வரைக்கும் படுத்திரும்பாங்க," என்றாள். "இந்தக் காடியில ஏத்தமாட்டீங்கன்னு தெரியும் அத்தை. அதான் பொய் சொன்னேன்."

கங்கா கத்துவாள், பார்த்தாயா காடியில் ஏறியதும் வந்துவிட்டது என்று என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ திரும்பி மருமகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேகமா போ குமுதா," என்றாள்.

போனேன். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. வழி கிடைத்ததும் மிதித்தேன், கார் ஒரு முனகல் இல்லாமல் பாய்ந்து தாண்டியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் கொட்டகையைவிட்டே வெளியே வந்திருக்காது. நான் வாய்விட்டே சொன்னேன், அப்படித்தான்டா ராசா, ஓடு என்று. கங்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு அவளும் முணுமுணுக்க ஆரம்பித்தாள். அம்மனைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், ஓடு சாமி, ஓடு சாமி என்று அவளும் காரிடம்தான் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் துளசியை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். மதியத்துக்குள் அறுவை செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோகூட இல்லை. டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. சாயங்காலம்வரை காத்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. கங்கா நடைபாதையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் வெட்கமில்லாமல் அழுதோம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடந்தது. நான் போகவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன். திருச்செல்வம் அண்ணன் எழுந்து, வாரம் ஒரு வீட்டுக்காரர் முறை வைத்துக் காரை எடுத்து ஓட்ட வேண்டும், எடுக்காத வீட்டுக்கு அபராதம் என்று புதுச் சட்டம் போட்டாராம். சட்டம் போடாமல் அவரால் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமைப் பொங்கலை இனிமேல் மனிதர்களுக்கே கொடுத்துவிடுவது என்றும் முடிவானதாம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த குழந்தை எடை ஏறி வீட்டுக்கு வர மூன்று வாரமாயிற்று. பவனேஷ் லீவு போட்டுத் தன் புதுக் காரைக் கழுவி, பின்சீட்டில் துண்டு விரித்துத் தயாராகக் கொண்டுவந்து நிறுத்தினான். கங்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பைகளையும் வாளியையும் பிளாஸ்க்கையும் அதில் ஏற்றச் சொன்னாள். குழந்தையை எடுத்துக்கொண்டு கோயில் காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். துளசி சிரித்துக்கொண்டே மாமியார் பக்கத்தில் ஏறினாள். பவனேஷ் சாமான்களோடு எங்கள் பின்னால் வந்தான்.

தோட்டத்து முனையில் திரும்பும்போதே தெரிந்தது, கோயில் வாசலில் ஆரத்தித் தட்டோடு ஆட்கள் நின்றார்கள். தலைவர் வேட்டி கட்டி நடுவில் நின்றார். நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னாலிருந்து கங்கா என் தோளைத் தட்டினாள்.

"இங்க நிறுத்தாத குமுதா. ரெண்டு லயத்தையும் ஒரு சுத்து சுத்திட்டு வா. அன்னிக்கு இந்தக் காடியில போனது மூணு பேரு, வந்தது நாலு பேருன்னு எல்லாரும் எண்ணிப் பாக்கட்டும்."

ஆரத்தித் தட்டையும் தலைவரையும் அப்படியே தாண்டிக்கொண்டு போனேன். முதல் கியரில், வாசல் வாசலாக, ஊர்வலம் போல ஓட்டினேன். சனங்கள் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல். கண்ணாடியை ஏற்றவா என்று துளசி கேட்டாள்.

நான் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டேன்.